மேஜை மேல் படுத்திருந்தவர்கள்

கிரேஸ் அனாடமி என்றதும் பாதிப் பேருக்கு அமெரிக்க டிவி சீரியல்தான் ஞாபகத்துக்கு வரும். டாக்டர்கள் காதலிப்பார்கள், அழுவார்கள், நடுவில் நேரம் கிடைத்தால் ஆபரேஷனும் செய்வார்கள். 2005-ல் ஆரம்பித்த அந்த சீரியலுக்குப் பெயர் கொடுத்தது ஒரு தடிமனான புத்தகம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் புத்தகம் வந்தது 1858-ல், லண்டனில். இன்றைக்கும் புதுப்புதுப் பதிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. (நம் ஊர் முதல் வருட எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் கிரேயை விட சௌராசியாவைத்தான் அதிகம் புரட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.)

புத்தகத்தை எழுதியவர் ஹென்றி கிரே. படம் வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். முதல் பதிப்பில் 363 படங்கள். புத்தகம் இத்தனை காலம் நின்றதற்குக் காரணமே அந்தப் படங்கள்தான். கார்ட்டர் பெயர்களை ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதவில்லை, தசையின் மேலேயே, நரம்பின் மேலேயே எழுதிவிட்டார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படிக்கிற மாணவனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் விற்பனையில் வந்த ராயல்டி கிரேவுக்கு, கார்ட்டருக்கு ஒரே தடவை 150 பவுண்டு. அதோடு சரி. முதல் பக்கத்தில் கார்ட்டர் பெயர் தன் பெயருக்குச் சமமான எழுத்தில் வரக்கூடாது என்று கிரே கவனமாகப் பார்த்துக்கொண்டார். 1861-ல், 34 வயதில், அம்மை கண்டு கிரே செத்துப்போனார். கார்ட்டர் அதற்குள் கப்பலேறி பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அனாடமி பேராசிரியர் ஆகியிருந்தார். வெறுங்காலோடு வயலில் நடக்கிறவர்களின் பாதம் வீங்கிப் புண்ணாகும் ஒரு நோய்க்கு "மதுரைக் கால்" என்று டாக்டர்கள் பெயர் வைத்திருந்தார்கள் (நம்ம மதுரையேதான்). அதற்கு ஒரு பூஞ்சைதான் காரணம் என்று எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இந்தக் கார்ட்டர்.

கிரே பெயர் பெரிய எழுத்தில், கார்ட்டர் பெயர் சின்ன எழுத்தில். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் பெயர் எந்த எழுத்திலும் இல்லை. 363 படத்துக்காகவும் மேஜை மேல் படுத்திருந்தவர்கள். லண்டனில் ஏழைகளை அடைத்துவைத்த விடுதிகளிலும் தர்ம ஆஸ்பத்திரிகளிலும் செத்து, வாங்கிப்போக ஆள் வராதவர்கள். அனாடமியின் சரித்திரத்தை மேதைகளின் வரிசையாக எழுதுவதுதான் வழக்கம். மேஜைக்கு மேலே இருந்து பார்க்காமல் மேஜையில் இருந்து பார்த்தால் அதே சரித்திரம் வேறு மாதிரித் தெரிகிறது.

ஆரம்பத்தில் உடம்பே கிடைக்கவில்லை. சுசுருத சம்ஹிதை ஒரு வழி சொல்கிறது. விஷத்தாலோ நெடுநாள் நோயாலோ சாகாத, அங்கம் குறையாத ஓர் உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, மெதுவாக ஓடும் ஆற்றில் மறைவான இடத்தில் ஏழு நாள் ஊறப்போட வேண்டும். பிறகு வெட்டிவேர் மாதிரியான ஒன்றால் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் தோலாக, அடுக்கு அடுக்காகப் பார்க்க வேண்டும். கத்தியே வேண்டாம். அறுவை வைத்தியத்தில் அவ்வளவு தூரம் போனவர்கள் பிணத்தைக் கத்தியால் தொடாமல் ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், ஹெரோஃபிலஸ், எரசிஸ்ட்ராட்டஸ் என்ற இரண்டு கிரேக்கர்கள் மனித உடலை முறையாக அறுத்துப் பார்த்தார்கள். அவர்களோடு அந்தக் கதவு சாத்திக்கொண்டது. அடுத்து வந்த பெரிய பெயர் காலன். ரோமாபுரியில் சக்கரவர்த்திக்கே வைத்தியம் பார்த்தவர். அவர் அறுத்ததெல்லாம் குரங்கு, பன்றி, ஆடு, மாடு. அதை வைத்துக்கொண்டே மனித உடம்பைப் பற்றி எழுதினார். அப்புறம் என்ன, மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு ஆனது, மூளைக்கு அடியில் ஆட்டுக்கு இருக்கும் ரத்தக்குழாய் வலை மனிதனுக்கும் வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட 1300 வருடம் இதைத்தான் படித்தார்கள். பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து காலனைப் படிப்பார், கீழே சவரத் தொழிலாளி அறுப்பார், இன்னொருத்தர் குச்சியால் காட்டுவார். புத்தகத்தில் ஒன்று இருக்கும், உடம்பில் வேறொன்று இருக்கும். புத்தகம்தான் ஜெயிக்கும்.

நாற்காலியில் இருந்து இறங்கிவந்து தானே கத்தியைப் பிடித்தவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். பிரஸ்ஸல்ஸில் பிறந்து, இத்தாலியின் பதுவாவில் பாடம் நடத்தியவர். 1543-ல், 28 வயதில், அவர் வெளியிட்ட "ஃபாப்ரிகா" காலனின் தப்புகளை நூற்றுக்கணக்கில் திருத்தியது. பாரிசில் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சில்வியஸுக்கு வந்தது பாருங்கள் கோபம்! காலன் தப்பே செய்யவில்லை, காலன் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிப்போய்விட்டது என்று வாதாடினார். தோற்கப்போகிற கட்சிக்காரர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் போலிருக்கிறது.

வெசாலியஸைப் பற்றிப் பாடப்புத்தகம் இந்த இடத்தில் கைதட்டி நிறுத்திக்கொள்ளும். அவருடைய சொந்தப் புத்தகமே அதற்கு மேலும் சொல்கிறது. லூவேன் ஊருக்கு வெளியே தூக்கில் தொங்கிய ஒருவனின் எலும்புக்கூட்டை இருட்டில் துண்டு துண்டாகத் திருடிவந்ததை அவரே எழுதியிருக்கிறார். பதுவாவில் ஒரு துறவியின் காதலி இறந்துபோனபோது, அவருடைய மாணவர்கள் கல்லறையில் இருந்து அவளைத் தூக்கிவந்தார்கள். பெற்றோர் வந்து தேடினால் அடையாளம் தெரியக்கூடாது என்று முதலில் உடம்பு முழுவதும் தோலை உரித்துவிட்டார்களாம். வெட்கப்பட்டு எழுதின மாதிரித் தெரியவில்லை. புத்தகத்தில் அத்தியாயம் தொடங்கும் அலங்கார எழுத்துகளில் குட்டித் தேவதைகள் பிணம் திருடுகிற மாதிரி படம்கூடப் போட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அதில் பெயர் இல்லை.

பிறகு 1628-ல் ஹார்வி ரத்த ஓட்டத்தைச் சொன்னார், மைக்ராஸ்கோப் வந்தது, ஐரோப்பா முழுக்க அனாடமி பள்ளிக்கூடங்கள் முளைத்தன. இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் பெருகினால் பிணமும் பெருக வேண்டுமே, அதற்கு எங்கே போனார்கள்? அங்கேதான் பிரிட்டன் வருகிறது.

பிரிட்டனில் 1752-ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், கொலைக்காகத் தூக்கில் போட்டவனின் உடலை அறுவைக்குக் கொடுக்கலாம் என்றது. இதில் கவனிக்க வேண்டியது, அறுப்பது தண்டனையின் ஒரு பகுதி. தூக்கு போதாது, அதற்கு மேல் ஓர் அவமானம். சாதாரண ஜனங்கள் மனதில் அனாடமி மேஜையும் தூக்குமரமும் ஒன்றாகப் பதிந்துபோனது அதனால்தான். அந்த எண்ணிக்கையும் மாணவர்களுக்குப் போதவில்லை. அதனால் திருட்டு. ராத்திரியில் புதுக் கல்லறையின் தலைமாட்டை மட்டும் தோண்டி, சவப்பெட்டி மூடியை உடைத்து, கயிறு கட்டி உடலை வெளியே இழுப்பார்கள். சத்தம் வராமல் இருக்க மர மண்வெட்டி. வெளியே எடுத்ததும் போட்டிருந்த துணியைக் கழற்றித் திரும்பக் குழிக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். காரணம் சட்டம். பிணம் யாருடைய சொத்தும் இல்லை, அதனால் அதை எடுத்தால் சின்னக் குற்றம்தான். துணி சொத்து. அதை எடுத்தால் பெரிய திருட்டு!

பணக்காரர்கள் இரும்புச் சவப்பெட்டி வாங்கினார்கள். ஸ்காட்லாந்தில் கல்லறைக்கு மேல் இரும்புக் கூண்டு போட்டார்கள், இன்றைக்கும் சில ஊர்களில் அதைப் பார்க்கலாம். ஏழைகள் என்ன செய்வார்கள்? செத்தவர் பக்கத்தில் ராத்திரி ராத்திரியாகக் காவல் உட்கார்ந்தார்கள், உடல் அழுகி யாருக்கும் உதவாமல் போகிறவரைக்கும்.

1827 கடைசியில் எடின்பரோவில் வில்லியம் ஹேர் என்பவனின் மலிவு விடுதியில், வாடகை பாக்கி வைத்திருந்த கிழவர் ஒருவர் நோயில் செத்துப்போனார். பாக்கியை எப்படி வசூலிப்பது? ஹேரும் கூட்டாளி வில்லியம் பர்க்கும் சவப்பெட்டிக்குள் வேறு எதையோ வைத்து மூடிவிட்டு, உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் அனாடமி பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். 7 பவுண்டு 10 ஷில்லிங் கிடைத்தது. யார், எப்படிச் செத்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராது என்று தெரிந்ததும் இரண்டு பேரும் காத்திருப்பதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு மாதத்தில் 16 பேரைக் கொன்று விற்றார்கள். சாராயம் ஊற்றிக் கொடுத்து, மூச்சை அமுக்கி. உடம்பில் காயம் தெரியாது. வாங்குகிறவருக்குச் சரக்கு சுத்தமாக இருக்கும். செத்தவர்கள் எல்லாம் வழிப்போக்கர்கள், வேலை தேடி வந்தவர்கள், காணாமல் போனால் யாரும் போலீசுக்குப் போகாதவர்கள். ஒருவன் மட்டும் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பையன். ஜேம்ஸ் வில்சன், கொஞ்சம் மனவளர்ச்சி குறைந்தவன். மேஜையில் அவனைப் பார்த்ததும் மாணவர்கள் அடையாளம் கண்டுகொண்டதாகவும், நாக்ஸ் அது அவன் இல்லை என்று சாதித்ததாகவும் சொல்கிறார்கள்.

ஹேர் சாட்சி சொல்லித் தப்பித்தான். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கில் போட்டு, சட்டப்படி அறுவை மேஜைக்கு அனுப்பினார்கள். அவன் எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இன்னும் இருக்கிறது. நாக்ஸ் மேல் வழக்கே இல்லை. கேள்வி கேட்காமல் இருப்பது குற்றம் ஆகாது அல்லவா.

இந்த அசிங்கத்தை நிறுத்தத்தான் 1832-ல் அனாடமி சட்டம் கொண்டுவந்தார்கள். அது திருட்டை நிறுத்தியது உண்மை. எப்படி நிறுத்தியது? விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செத்து, உறவினர் யாரும் கேட்டு வராத உடல்களை அனாடமி பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்றது. நேற்றுவரை கொலைகாரனுக்குக் கொடுத்த தண்டனை இன்றில் இருந்து ஏழைக்கு. அடக்கத்துக்குக் காசு இல்லாததால் வராத உறவினரும் "வராதவர்" கணக்கில்தான். சட்டத்தை ஆதரித்தவர்களில் ஒரே ஒருத்தருக்கு ஒரு சபாஷ் போடலாம். தத்துவவாதி ஜெரமி பெந்தம், அந்தச் சட்டம் நிறைவேறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் இறந்தபோது, தன் உடலையே நண்பர்கள் முன்னிலையில் அறுக்கச் சொல்லி எழுதிவைத்திருந்தார். அறுத்தார்கள். எலும்புக்கூட்டுக்கு வைக்கோல் திணித்து, சட்டை மாட்டி, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். தலையைப் பதப்படுத்தியது சொதப்பியதால் தலை மட்டும் மெழுகு!

அந்த அனாடமி அங்கிருந்து கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836-ல் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்தது பெரிய நிகழ்ச்சி. சம்ஸ்கிருதமும் ஆயுர்வேதமும் படித்த வைத்தியர் அவர், ஜாதிக் கட்டுப்பாட்டை மீறித்தான் கத்தியை எடுத்தார். கோட்டையில் பீரங்கி முழங்கினார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. அவரைக் கொண்டாடுகிறோம், சரிதான். அந்த மேஜையில் இருந்தது யார் என்று மட்டும் கேட்கக்கூடாது. சுதந்திரத்துக்குப் பிறகு பம்பாய் 1949-ல் அனாடமி சட்டம் போட்டது, மற்ற மாநிலங்களிலும் சட்டங்கள் உண்டு. அதே "உரிமை கோரப்படாத உடல்" என்ற வார்த்தைதான். பேச்சுத் தமிழில் அநாதைப் பிணம்.

கல்கத்தாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உலகத்தின் பாதி மருத்துவக் கல்லூரிகளில் தொங்கிய எலும்புக்கூடுகள் அங்கிருந்து ஏற்றுமதி ஆனவை. 1985-ல் மத்திய அரசு தடை போட்டது. தடைக்கு முன்னால் போனவை இன்னும் வெளிநாட்டு வகுப்பறை அலமாரிகளில் இருக்கின்றன. அவை யாருடையவை, யார் விற்றார்கள் என்பதற்குக் காகிதம் கிடையாது. திருப்பி அனுப்பலாம் என்றால் எந்த முகவரிக்கு?

ஏழ்மையால் மட்டும் மேஜைக்கு வரவில்லை. வியன்னாவில் எட்வர்ட் பெர்ன்காப்ஃப் என்ற பேராசிரியர் தயாரித்த அட்லஸ்தான் இதுவரை வந்ததிலேயே அழகானது என்பார்கள். அவர் தீவிர நாஜி. ஓவியர்களில் ஒருவர் கையெழுத்தோடு ஸ்வஸ்திகாவும் போட்டிருக்கிறார். 1998-ல் வியன்னா பல்கலைக்கழகமே விசாரித்துச் சொன்னது: நாஜி காலத்தில் மரண தண்டனை பெற்ற குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அந்த நிலையத்துக்கு வந்திருக்கின்றன. பலர் செய்த குற்றம் ஹிட்லரை எதிர்த்தது. புத்தகத்தை அச்சடிப்பது நின்றது. ஆனால் கையில் ஒரு சின்ன நரம்பைத் தேடித் தவிக்கிற அறுவை நிபுணருக்கு அதைவிட நல்ல படம் இல்லை என்றால் என்ன செய்வது? 2018-ல் ஜோசப் போலக் என்ற யூத மதகுரு, தானே நாஜி முகாமில் இருந்து பிழைத்தவர், ஒரு பதில் சொன்னார். ஓர் உயிரைக் காப்பாற்ற உதவும் என்றால் பார்க்கலாம், ஆனால் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதை நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எரிப்பதா வைத்துக்கொள்வதா என்று கத்திக்கொண்டிருந்த இரண்டு கட்சிகளையும் விட இதில் நியாயம் அதிகம் இருக்கிறது.

இனிமேல் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, பிணமே வேண்டாமே? இந்தக் கேள்வி இப்போது எல்லாக் கல்லூரியிலும் கேட்கிறது. ஆள் உயரத்துக்கு ஒரு டச் ஸ்கிரீன் மேஜை, விரலால் இழுத்தால் தோல் விலகும், தப்பாக வெட்டினால் ஒரு பட்டனில் பழையபடி சேர்ந்துவிடும். ஃபார்மலின் நெடி இல்லை, கண் எரியாது. ஆனால் அந்த டிஜிட்டல் உடம்பும் யாரோ ஒருவரின் உடம்புதான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994-ல் வெளியிட்ட "விசிபிள் ஹ்யூமன்" தான் இதற்கெல்லாம் முன்னோடி. அந்த ஆண் யார் தெரியுமா? ஜோசப் பால் ஜெர்னிகன், டெக்சாஸில் கொலைக்காக 1993-ல் விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்ட கைதி. உடலை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராகச் சீவி, 1,871 படங்கள் எடுத்தார்கள். தன் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுக்க அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இன்டர்நெட்டில் உலகமே தன்னைத் துண்டு துண்டாகப் பார்க்கப்போகிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. 1752-ல் இருந்து 1993-க்கு வந்து சேர்ந்தும், ஆரம்பித்த இடத்திலேயே ஒரு கால்.

சரி, அனாடமியில் இன்னும் கண்டுபிடிக்க என்ன பாக்கி இருக்கிறது? நிறைய. பெண் உடம்பின் கிளிட்டோரிஸ் முழுதாக எவ்வளவு பெரியது, நரம்புகள் எங்கே போகின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் ஹெலன் ஓ'கானல் அறுத்துப் பார்த்து எழுதியது 1998-ல்! நிலவுக்குப் போய்வந்து 29 வருடம் கழித்து. மூளையைச் சுற்றிய உறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை 2015-ல் உறுதி செய்தார்கள். இத்தாலியர் மஸ்காஞ்ஞி 1787-லேயே அதைச் சொல்லியிருந்தார், யாரும் நம்பவில்லை. கருவில் இருக்கும்போது முன்கையில் தோன்றி மறைய வேண்டிய ஒரு தமனி, இப்போது பெரியவர்களிடம் முன்பைவிட அதிகமாகத் தங்கிவிடுகிறது என்று 2020-ல் ஆஸ்திரேலியர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். (சில்வியஸ் இருந்திருந்தால் "நான் அப்பவே சொன்னேனே" என்றிருப்பார்.) பிரான்சின் கிரனோபிளில் பெரிய எக்ஸ்ரே கருவி ஒன்று, ஒரு முழு நுரையீரலை வெட்டாமலே செல் அளவு நுணுக்கம் வரை உள்ளே போய்க் காட்டுகிறது. வருங்கால அனாடமி இந்தப் பக்கம்தான் போகும். "மனித உடம்பு இப்படி இருக்கும்" என்பதில் இருந்து "இந்த நோயாளியின் உடம்பு இப்படி இருக்கிறது" என்பதற்கு.

ஆனால் ஸ்கிரீனில் இருப்பது ஒரே உடம்பு. டிசெக்‌ஷன் ஹாலில் பத்து மேஜை என்றால் பத்து விதம். ஒருவருக்குத் தமனி புத்தகத்தில் போட்டபடி இருக்காது, இன்னொருவருக்கு ஒரு தசையே இருக்காது. பக்கத்து மேஜைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரும்போதுதான் "நார்மல்" என்ற வார்த்தைமேல் முதல் சந்தேகம் வரும். அதை எந்த மென்பொருளும் இதுவரை சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் உடல்கள் இன்னும் வேண்டும், கொஞ்ச காலத்துக்காவது. யாருடைய உடல்கள் என்பதுதான் விஷயம்.

இந்தியாவில் உடல் தானம் மெதுவாகப் பழக்கத்துக்கு வருகிறது. ஜோதி பாசுவின் உடல் 2010-லும், சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-லும் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போயின. பலர் இதையும் உறுப்பு தானத்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். உறுப்பு தானம் பெரும்பாலும் மூளைச்சாவில் நடப்பது, நேரம் மிகக் குறைவு. உடல் தானம் வீட்டில் வயதாகி இறந்தவரும் செய்யலாம், கண்ணைத் தனியாகக் கொடுத்துவிட்டு மீதியைக் கல்லூரிக்குக் கொடுப்பதும் உண்டு. எழுதிவைத்தால் மட்டும் போதாது. கடைசியில் பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. சொந்தக்காரர்கள் கூடி "காரியம் பண்ணாம எப்படி?" என்று கேட்கும்போது அப்பாவின் கையெழுத்து பீரோவுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. அப்படி நின்றுபோகும் ஒவ்வொன்றுக்கும் பதிலாக, கேட்க ஆளில்லாத ஒருவர் மேஜைக்கு வருகிறார். அமெரிக்காவிலேயே இது ஓயவில்லை. 2024-ல் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகம், உறவினரைச் சரியாகத் தேடாமலே அப்படிப்பட்ட உடல்களைப் பயன்படுத்தியது வெளியே வந்து, அந்தத் திட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

தைவானில் ஹுவாலியன் நகரத்துத் ட்சூ சி பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே உடலுக்குப் பெயர் "பேசாத ஆசிரியர்". கத்தியைத் தொடும் முன்னால் மாணவர்கள் அவருடைய வீட்டுக்குப் போகிறார்கள். என்ன வேலை பார்த்தார், எப்படிப்பட்ட மனிதர் என்றெல்லாம் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அவர் பெயர் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பாடம் முடிந்ததும் அறுத்த இடத்தையெல்லாம் தைக்கிறார்கள். துணி உடுத்தி, பெட்டியில் வைத்து, தகனத்துக்குக் குடும்பத்தோடு கூடவே போகிறார்கள்.